தரங்கம்பாடியில் ஒரு வாடகை வீடு

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றான திருப்புலி நாட்டிற்கு இன்று கோடைதோறும் சமவெளியிலிருந்து ஏறிவரும் கனவான்கள், சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளைக் கண்டவுடனே, இங்கே நமக்கென்று ஒரு சிறு வீடு இருந்தால் எவ்வளவு சௌக்கியம் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நூறாண்டுகளுக்கு முன்னர் வெளியார் எவரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்நாளில் கொல்லிமலையும் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில், கலெக்டர் காக்பர்ன் 1820ஆம் ஆண்டை ஒட்டிக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வரிசை வரிசையாக எழுந்தபோதும், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொல்லிமலையை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். மலைக்காய்ச்சல் என்ற காவலாளி அடிவாரத்திலேயே நின்று அவர்களைத் தடுத்துவிட்டான். அந்தக் காவலை மீறி 1913இல் மனைவி ஈவ்லினோடு ஏறிச்சென்று வாழவந்தியில் வீடமைத்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1929இல் அக்காய்ச்சலின் கொடிய வகையொன்றுக்கே இரையானார். தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையால் வேலூரிலிருந்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு, அத்தம்பதிக்கு 1914இல் பிறந்த மகன்.

இங்கிலாந்தைவிடக் குளிர் மிகுந்த வடதேசத்தாராகிய ஸ்காந்திநேவியர் இன்று வெயிலுக்காகவே வீடு வாங்குகிறார்கள் என்பது உலகறிந்த செய்தி. ஸ்பெயினின் கிழக்குக் கரையில் அலிகாந்தே நகரத்தை அடுத்த ஊர்களில் நார்வேக்காரர்கள் தங்கள் குழந்தைகளுக்கு நார்வே மொழிப் பள்ளிக்கூடமே வைத்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் சூரியனைக் காண்பதே அரிதாகிவிட்ட ஒரு ஜனசமூகம், ஓய்வூதியத்தைக் கொடுத்து வெயிலை விலைக்கு வாங்குவதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு வீடு கேட்டு வந்த காலத்தில், வெயில் அவர்கள் வாங்க வந்த சரக்காக இருக்கவில்லை. மிளகுக்காக அவர்கள் கொடுக்க நேர்ந்த விலையாகவே இருந்தது.

டென்மார்க்கு அரசன் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தினான். 1618இன் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குத் தலைவனாக அனுப்பப்பட்ட ஓவே கெட்டே என்பவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. இலங்கைக் கரையை அடைவதற்குள், உடன் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். முன்னரே வேறொரு கப்பலில் வந்திருந்த ரோலண்டு கிராப்பே என்ற டச்சுக்காரனின் கதை இன்னும் விபரீதமானது. காரைக்காலுக்கு எதிரே போர்த்துகீசியர் அவன் கப்பலை அழித்துவிட, எஞ்சிய பதின்மூவரோடு கரையேறிப் பிடிபட்டு, கைதியாகவே தஞ்சை இரகுநாத நாயக்கரின் சபைக்குப் போய்ச் சேர்ந்தான். கைதியாக வந்தவனைத் தூதுவனாக மாற்றியது நாயக்கரின் ராஜதந்திரமே அன்றி அவனுடைய சாமர்த்தியம் அன்று என்பது என் கருத்து. நாகப்பட்டினத்தில் செருக்கோடிருந்த போர்த்துகீசியருக்கு எதிர்எடையாக இன்னொரு பரங்கியர் கூட்டம் பக்கத்தில் இருப்பது நல்லதென்று அவர் கருதினார்.

1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அலையோரத்தில் நிற்கும் தரங்கம்பாடி என்ற மீனவர் கிராமம், ஆண்டுக்கு 3111 ரூபாய் குத்தகைக்கு டேனியரிடம் விடப்பட்டது. நாயக்கர் டென்மார்க்கு மன்னனுக்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கோட்டைக்கு டான்ஸ்போர்க்கு என்று பெயர் வைத்து, மதிலுக்குள் அரசன் பெயரில் வீதி வகுத்து, அத்தனையும் தமக்கே உரியதுபோல் அவர்கள் நடந்துகொண்டபோதிலும், கணக்குப்படி அவர்கள் குத்தகைக் குடிகளே. தஞ்சை நாயக்கரிடமிருந்து மராட்டியர் கைக்கு மாறிய பின்பும் குத்தகைப் பணம் தஞ்சைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அது போகத் தவறியபோதெல்லாம் தஞ்சைப் படை கோட்டைவாசலுக்கு வந்தது.

அப்படிப் படை வந்த நாட்களில்தான், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதன் வெளிப்படுகிறான். ஐரோப்பியப் போர்களில் டென்மார்க்கு சீரழிந்து, கம்பெனியே 1650இல் கலைக்கப்பட்டுவிட, தரங்கம்பாடிக்கு நெடுங்காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. சம்பளமும் இல்லை, கடிதமும் இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலிலும் முதுமையிலும் மடிய, 1655இல் தலைவனும் இறந்தபின் எஞ்சி நின்ற ஒரே டேனியன் எஸ்கில்டு ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவன், எழுத்தறியாத சாமானியன். அவன் கொடியை இறக்கவில்லை. வங்கக்கடலில் சென்ற கப்பல்களைப் பிடித்து — அது கொள்ளைதான், வேறு பெயரிட்டு அதை அலங்கரிப்பதில் பயனில்லை — அவற்றின் சரக்கை விற்ற பணத்தில் கோட்டையைச் செப்பனிட்டு, ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, முற்றுகையிட்ட நாயக்கரோடு கடைசியில் சமாதானமும் செய்துகொண்டான். 1669இல் ஃபேரோ என்ற கப்பல் வந்து நங்கூரம் பாய்ச்சியபோது, குடியிருப்பு அழிந்திருக்கும் என்று அஞ்சி வந்தவர்கள் மதிலோடுகூடிய ஒரு பட்டணத்தைக் கண்டார்கள். அவனையே தலைவனாக அரசாங்கம் உறுதிப்படுத்தியது. கற்றவரும் குலத்தில் உயர்ந்தவரும் நடத்திய காலங்களில் கடனிலும் கலகத்திலும் தத்தளித்த தரங்கம்பாடியை, கையெழுத்திடத் தெரியாத ஒருவன் காப்பாற்றித் தந்தான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்ற பாதிரியார் ஜெர்மானியர். டென்மார்க்கு அரசன் அனுப்பியவர். அவருடைய அச்சகமும், 1715இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் பள்ளிப் பாடங்களிலேயே இடம்பெற்றவை. 1788 முதல் 1806 வரை கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர். அக்காலத்தில் நார்வே டென்மார்க்கு அரசனின் ஆட்சியில் இருந்தது. சித்திரம் எழுதுவதில் பிரியமுள்ள அவர், இத்தேசத்துக் கோயில்களையும் கோட்டைகளையும் நீர்வர்ணத்தில் தீட்டி எடுத்துச் சென்றார். அவருடைய சேகரம் ஆஸ்லோவில் இருக்கிறது. வெயிலை ரசித்த முதல் ஸ்காந்திநேவியர் என்று இவரைச் சொல்லலாம் போலும்.

ஆங்கரின் நாட்களிலேயே ஆங்கிலேயர் 1801இல் ஒருமுறை ஊரைக் கைப்பற்றித் திருப்பித் தந்தார்கள்; 1808இல் மறுபடி பிடித்து ஏழாண்டு வைத்திருந்தார்கள். அதன்பின் வியாபாரம் எழவேயில்லை. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சீராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விக்கிரயம் செய்யப்பட்டன. ஒரு தலைமுறைக்குள் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. தரங்கம்பாடித் துறை வெறிச்சோடியது. குத்தகைக்குப் பிடித்த வீட்டை வேறொருவனுக்கு விற்றுப் போகிற வித்தையைச் சாதாரணக் குடும்பஸ்தன் செய்தால் வழக்காகும். ராஜாங்கங்கள் செய்தால் உடன்படிக்கையாகும். அங்கே பிறந்து வளர்ந்த மீனவரையும் நெசவாளரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விற்றுப்போன பிறகும் டேனியர் சிலர் வந்தார்கள். ஆனால் அரசன் அனுப்பி அல்ல. அவர்களுள் ஆன் மரீ பீட்டர்சன் என்ற பெண்மணி 1909இல் தமிழகம் வந்தவர். மிஷனின் வரம்புகளுக்குள் அடங்காமல் காந்தியடிகளின் வழியில் ஈடுபட்டு, தரங்கம்பாடிக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் பெண்குழந்தைகளுக்குச் சேவா மந்திர் என்ற தேசியப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு 1921இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். 1951இல் அந்த அம்மையார் காலமானார். பள்ளி இன்னும் நடக்கிறது. டான்ஸ்போர்க்குக் கோட்டையைப் பார்க்கக் கடற்கரைச் சாலையில் செல்பவர்கள், வழியில் பரங்கிப்பேட்டையிலும் சிறிது நேரம் இறங்கிப் பார்க்கலாம்.