பழைய குளியல் தொட்டியைப் புதுப்பித்தல் (இலங்கை மலையகம்)

மலையகத் தோட்டப் பங்களாக்களில் எஞ்சியிருக்கும் வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிகளைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே தேய்த்து, துரு நீக்கி, மேற்பூச்சு இட்டு மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் கைவேலை இது. புதுத் தொட்டி வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் குளிரும் ஈரமும் இதைச் சமவெளியில் இருப்பதைவிடக் கடினமாக்குகின்றன.

தொட்டிகள் வந்த வழி

1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து, அந்த நிலங்களில் தேயிலை ஏறியது. ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின் கனமான சாமான்களை மலைக்கு ஏற்றுவது எளிதாயிற்று. தோட்டங்களை நடத்திய துரைமாரின் பங்களாக்களில் கணப்பு அடுப்போடு குளியல் தொட்டியும் இடம்பெற்றது. ஆள் நீளத் தொட்டி ஒன்று வெறுமையாகவே நூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதில் நிரப்பும் வெந்நீர் விறகில் காய்ந்தது. விறகு வெட்டியவர்களும் வாளி சுமந்தவர்களும் பங்களா வேலையாட்கள். அதே தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஒரு தொழிலாளர் குடும்பமே வாழ்ந்தது. அவர்களுக்குக் குளியல் பீலிக்கரையில், திறந்த வெளியில், மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரில். மலையகத்தில் குளியல் தொட்டியைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் பல பங்களாக்கள் விடுதிகளாயின. 2005இல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் திறக்கப்பட்ட சிலோன் டீ ட்ரெயில்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அதன் டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. அத்தகைய விடுதிகளில் நகக்கால் தொட்டி ஒரு கவர்ச்சிப் பொருள், பராமரிக்கவும் அங்கே ஆள் உண்டு. கையில் காசில்லாமல் பழைய பங்களாவில் குடியிருப்பவர்களுக்கும் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும்தான் இந்தக் கைவேலை தேவைப்படுகிறது. 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் ரூபாய் வீழ்ச்சியும் அந்தத் தேவையைக் கூட்டின.

எது தேய்கிறது

தொட்டியின் வெண்ணிறப் பரப்பு பெயின்ட் அல்ல. செந்தணலாகக் காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் கண்ணாடித் தூளைத் தூவி உருக்கி ஒட்டவைத்த எனாமல் அது. துலக்கும் தூள் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் அமிலக் கழுவிகளும் அதன் மினுக்கத்தை அரிக்கின்றன. மினுக்கம் போன பரப்பில் அழுக்கு தங்கும். ஒழுகும் குழாயின் கீழே செம்பழுப்புக் கறை இறங்கும். இரும்புச் சாமான் விழுந்த இடத்தில் எனாமல் தெறித்து, அங்கே துரு பிடிக்கும். துரு பெரும்பாலும் வடிதுளையைச் சுற்றித்தான் முதலில் தொடங்கும்.

அந்தச் சூளை வேலையை வீட்டில் யாராலும் செய்ய முடியாது. வீட்டில் போடுவது இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபொக்சி அல்லது அக்ரிலிக் யூரித்தேன் பூச்சு. பார்வைக்கு எனாமல் போலிருக்கும், உறுதியில் அதற்கு ஈடாகாது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் சாதாரண எனாமல் பெயின்ட்டைத் தொட்டியில் பூசுவது காசைத் தண்ணீரில் விடுவதாகும். வெந்நீரில் அது இளகித் தோலாக உரிந்துவிடும்.

முன்வேலை

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் வார்ப்பிரும்பு, கணீரென்றால் தகட்டு உருக்கு. காந்தம் இரண்டிலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் அது பிளாஸ்டிக் வகைத் தொட்டி, அதற்குரிய பூச்சு வேறு. இரும்பில் விரிசல் ஓடியிருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். எந்தப் பூச்சும் விரிசலை மூடி நிற்காது.

இந்த வேலையில் காசு மிச்சமாவது உடலுழைப்பால்தான்; மலிவான பூச்சு வாங்கி அல்ல. பழைய சிலிக்கோனை அலகால் சுரண்டி முழுக்க எடுக்க வேண்டும். பரப்பைச் சலவைச் சோடாக் கரைசலால் எண்ணெய்ப்பிசுக்கு போகும்வரை தேய்த்து, பலமுறை அலச வேண்டும். துருப்பிடித்த இடங்களைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசி, கழுவிக் காயவைக்க வேண்டும். குழிகளை வாகனத் திருத்தகங்களில் பயன்படும் பொலியெஸ்டர் புட்டியால் நிரப்பலாம். அதன்பின் தொட்டி முழுவதையும் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்க வேண்டும். மினுங்கும் புள்ளி ஒன்று மிஞ்சினாலும் பூச்சு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கக்கூடாது. ஈரமாகத் தேய்க்கும்போது வரும் சேற்றைத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. பரப்பைச் சொரசொரப்பாக்கத் தொழில்முறைக்காரர்கள் சிலர் ஹைட்ரோபுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது தோலைத் துளைத்து எலும்புவரை சேதப்படுத்தும். வீட்டு வேலைக்கு உரியதல்ல.

குளிரும் பனிமூட்டமும்

நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை செல்சியஸ். சனவரி, பெப்ரவரி இரவுகளில் தரையில் உறைபனி விழுவதுண்டு. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், சற்றே இதமானது. பெரும்பாலான எபொக்சிப் பூச்சுகள் 10 பாகைக்குக் கீழே சரிவர இறுகுவதில்லை. பரப்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பொது விதி. இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து, பூச்சு வெளுத்துப் பிசுபிசுக்கும். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும் உலோகம். அறை வெதுவெதுப்பான பின்னும் தொட்டி சில்லென்றே இருக்கும்.

ஆகவே மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் ஏறிய முற்பகலில் பூசுவது நல்லது. ஏப்ரல் சுற்றுலாச் சீசனுக்கு வரும் விருந்தாளிகளை நம்பியிருப்பவர்களுக்கும் அதுவே வசதி. முதல்நாள் இரவே தொட்டிக்கு அடியில் பழைய வகை மின்குமிழ்களை எரியவிட்டு இரும்பைச் சூடேற்றி, பூசத் தொடங்குமுன் அவற்றை அணைத்து அகற்றிவிட வேண்டும். பூச்சின் ஆவி தீப்பிடிக்கும். குளிர் காய வைத்த கரி அடுப்பு, மெழுகுதிரி, சாம்பிராணி எதுவும் பக்கத்து அறையில்கூட இருக்கக்கூடாது.

குளிருக்கு ஈடுகட்ட, பூச்சின் இரண்டாம் பகுதியான இறுக்கியைக் கூடுதலாகக் கலப்பது பலர் செய்யும் தவறு. எபொக்சியில் அளவு பிசகினால் வேகம் கூடாது, பூச்சு என்றைக்கும் மென்மையாகவே நின்றுவிடும். கலக்குமுன் டின்களை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் கலவை செல்லும். ஓரங்களைத் தூரிகையாலும் பரப்பைச் சிறிய ஸ்பொஞ் உருளையாலும் மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும். தடிப்பாக ஒரேமுறை பூசினால் வழிந்து கோடு விழும். ஆவியைத் தடுக்கத் துணி முகக்கவசம் உதவாது. கரி வடிகட்டி உள்ள கவசம் தேவை. இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத செலவுகள் இரண்டு: பூச்சு, கவசம்.

சமவெளியில் மூன்று நாளில் தண்ணீர் விடலாம் என்று டின்னில் எழுதியிருந்தால், நுவரெலியாவில் ஒரு வாரம் பொறுப்பதே புத்தி.

ஆயுள்

கவனமாகச் செய்த வீட்டுப் பூச்சு பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாங்கும். ஒழுகும் குழாயை முதலில் திருத்தாவிட்டால் அதுவும் கிடையாது. கழுவுவதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஒட்டிப் பிடிக்கும் இறப்பர் விரிப்பைத் தொட்டிக்குள் போடவே கூடாது, எடுக்கும்போது பூச்சையும் சேர்த்து இழுக்கும்.

மறுபடி பூச வரும்போதுதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. பழைய பூச்சை இளக்கும் பெயின்ட் நீக்கிகள் சிலவற்றில் மெதிலீன் குளோரைட் உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளேயே தேங்கும், குனிந்து வேலை செய்பவர் அதைத்தான் சுவாசிப்பார். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை தொட்டி புதுப்பிக்கும் தொழிலாளர் 13 பேர் இப்படி இறந்தது பதிவாகியுள்ளது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைக்கும் மலையகக் குளியலறையில் அந்த டின்னைத் திறக்கவே வேண்டாம். நேரம் எவ்வளவு ஆனாலும் அலகாலும் வாட்டர் பேப்பராலும் சுரண்டியே எடுங்கள்.