கேப்டன் மார்வெலுக்கு ஒரு மாற்று

இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த எனக்கு, அவன் பிறந்த பிரிட்டனின் இந்தப் பழைய கதை பிடிக்கும்.

போருக்குப் பின் அங்கே டாலர் தட்டுப்பாடு. அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. எனவே லண்டன் எல். மில்லர் நிறுவனம் கேப்டன் மார்வெல் கதைகளைக் கறுப்பு வெள்ளையில் மறுபதிப்பிட்டது. 1953இல் அமெரிக்காவில் காப்புரிமை வழக்கு சமரசமாகி, ஃபாசெட் நிறுவனம் அந்த நாயகனைக் கைவிட்டது. கதை வரத்து நின்றது.

மில்லர் அசரவில்லை, மிக் ஆங்லோவை அழைத்தார். பில்லி பேட்சன் மிக்கி மோரன் ஆனான். கறுப்பு முடி பொன்னிறமானது. 'ஷஸாம்' மந்திரம் 'கிமோட்டா' ஆனது. 'அட்டாமிக்' என்பதைத் திருப்பிப் போட்ட சொல். 1954இல் வந்த மார்வெல்மேன் 1963 வரை நீடித்தான். 1982இல் ஆலன் மூர் அவனை மீண்டும் எழுதி, பெரியவர்களையும் படிக்க வைத்தார்.

நகல்தானே என்று நானும் ஒரு காலத்தில் இளக்காரமாக நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை.