வசிஷ்ட நதியை ஒட்டி ஒரு ரயில் பாதை: சேலம்–விருத்தாசலம் வழித்தடத்தின் தொல்லிடங்கள்

வாழப்பாடிக்கு ரயிலில் வருபவர் இறங்கும் நிலையத்தின் பெயர் ‘வாழப்பாடி கேட்’. அடுத்த நிலையம் ‘ஏத்தாப்பூர் ரோடு’. ஆத்தூர் நிலையமும் ஊருக்கு வெளியேதான் நிற்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1930களின் தொடக்கத்தில் திறந்த இந்த மீட்டர்கேஜ் பாதை, பழைய ஊர்களைத் தொட்டும் தொடாமலும் போகிறது. வழித்தடத்தின் தொல்லிடங்களைக் கணக்கெடுப்பவர் தண்டவாளத்தோடு நடந்தால் போதாது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஆற்றை நோக்கிக் குறுக்கே நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இடைப்பட்ட பள்ளத்தாக்கில் ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிக் கடலுக்குப் போகிறது. மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்க இயற்கை விட்ட வாசல் இது. படைகளும் வண்டிகளும் போன இந்த வாசலில்தான் ரயிலும் போயிற்று. ஆனால் பழைய குடியிருப்பு நீரை ஒட்டி அமைந்தது. ரயிலோ வெள்ளத்துக்கு எட்டாத மேட்டைத் தேடியது. பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகழூர், கூகையூர் ஆகிய ஐந்து ஊர்ச் சிவன் கோயில்களையும் வசிஷ்ட நதிக்கரைப் பஞ்சபூதத் தலங்கள் என்று மக்கள் வரிசைப்படுத்துவார்கள். பக்தர்களின் இந்த வரிசையே நல்ல கள வரைபடம். இவற்றில் எதற்கும் ஊரை ஒட்டிய நிலையம் கிடையாது.

வரிசையில் ஆய்வாளர் அதிக நாள் தங்க வேண்டிய இடம் ஆறகழூர். தலைவாசல் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள இவ்வூர், மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைமையிடம். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் ஓங்கிய இம்மரபின் தலைவன் ஒருவன் ‘பொன்பரப்பினான்’ என்று பட்டம் பெற்றான். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததே காரணம். காமநாதீசுவரர் கோயில் கல்வெட்டுகளும் அங்குள்ள எட்டு பைரவர்களும் பலர் அறிந்தவை. பக்கத்துத் தியாகனூரில் உள்ள இரண்டு புத்தர் சிலைகளை அவற்றோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. சைவக் கோயிலும் புத்தரும் அடுத்தடுத்து நிற்பதை வணிக வழியின் அடையாளமாகவே நான் வாசிக்கிறேன்.

அந்த வாசிப்புக்கு வலுச்சேர்ப்பது பாதையின் மேற்கு முனையான சேலம். கோட்டை சாலையருகே தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலையைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆராய்ந்தது. கால்களை மடக்கிய அமர்வு, தியான முத்திரையில் கைகள், நீண்ட காதுகள், நெற்றியில் ஊர்ணம்: அது புத்தர் என்று துறை அறிக்கை தந்தது. துண்டான தலையைச் சிமெண்டு கலவையால் ஒட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அறிக்கையை ஏற்று, இடத்தைத் துறையின் பொறுப்பில் விட்டது.

ஆத்தூர்க் கோட்டை கெட்டி முதலிகள் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் மைசூரின் கைக்குப் போனது. மைசூரோடு செய்த 1792 உடன்படிக்கையால் இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வந்தது. பள்ளத்தாக்கின் கழுத்தை அடைத்து நிற்கும் அதன் இருப்பிடமே, வழி எவ்வளவு முக்கியமானது என்று சொல்லிவிடும்.

ரயில்களால் தொல்லிடங்கள் அழிந்த கதையும் உண்டு. லாகூர்–முல்தான் பாதைக்கு ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்துக் கொட்டிவிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை, கரை எழுப்ப மண் வெட்டிய பக்கக் குழிகள். தாழி ஓடும் கறுப்பு–சிவப்புப் பானையோடும் இருந்தால் வெட்டுமுகத்தில் முதலில் தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடு, புல் மூடுமுன் பார்ப்பது நல்லது.

ரயிலே இன்னொரு தொல்லிடம். 2007ஆம் ஆண்டுவாக்கில் பாதை 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாறியது. சேலம் பக்கம் 1861இலேயே மதராஸ் ரயில்வே வந்துவிட்டதால் அதன் பழஞ்சின்னங்கள் நூற்றாண்டைத் தாண்டியவை. விருத்தாசலம் பாதை அப்படியல்ல. 1958ஆம் ஆண்டு மத்தியத் தொல்சின்னச் சட்டம் பாதுகாப்புக்குக் குறைந்தது 100 ஆண்டு வயது கேட்கிறது. மீட்டர்கேஜ் காலத்துச் சிறு பாலங்களுக்கும் மதகுகளுக்கும் அதற்கு இன்னும் சில ஆண்டுகள் பாக்கி. ஆகவே கோயில்களுக்கு முன்பாக அளந்து படமெடுக்க வேண்டியவை இவைதான். கோயில்களுக்கு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.