கோதுமையின் மாமன்

கோதுமை வயலில் முளைக்கும் இந்தக் களைப்புல்லை ஹரியாணாப் பக்கம் மண்டூசி என்பார்கள். பஞ்சாபில் குல்லி டண்டா, நம்மூர்க் கிட்டிப்புள்தான்; திரண்டு நிற்கும் கதிரைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். கோதுமையின் மாமா என்று சொல்பவர்களும் உண்டு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அங்கே பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மெக்சிகோ கோதுமையோடு கப்பலில் வந்தது.

கப்பல் வந்தது உண்மை. 1966இல், சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, குட்டை ரகக் கோதுமை விதை 18,000 டன் மெக்சிகோவிலிருந்து வந்திறங்கியது. அந்த மூட்டைகளில் இந்தப் புல்லின் விதையும் கலந்து வந்திருக்கலாம். ஆனால் பழி முழுவதையும் கப்பல்மேல் போடுவது நியாயமில்லை. மத்தியதரைக் கடலோரத்துப் புல்லான இதற்கு ஃபலாரிஸ் மைனர் என்று 1783இல் பெயரிட்டவர் ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜோசப் ஹூக்கர் பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களைத் தொகுத்த நூலிலும் இது இடம்பிடித்துவிட்டது. கப்பலுக்கு முன்பே ஆள் இங்கே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

பொருட்படுத்தவேண்டிய நிலை வந்தது கோதுமைக்காகச் செய்த ஏற்பாடுகளால். பழைய நாட்டுக் கோதுமை நெடுநெடுவென வளர்ந்து கீழே இருப்பதையெல்லாம் நிழலில் அமுக்கிவிடும். குட்டை ரகத்துக்கு அந்த உயரம் இல்லை. அதற்குக் கொட்டிய உரத்தையும் பாய்ச்சிய தண்ணீரையும் புல்லும் சேர்ந்தே தின்றது, குடித்தது. பின்னாலேயே நெல் வந்தது. சேற்றில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் பல களைகளின் விதை அழுகிப்போகும். இதன் விதையோ தாக்குப்பிடித்துக் கிடக்கும். நெல் அறுத்த ஈரமும் நவம்பர் குளிரும் சேர்ந்ததும் கோதுமையோடு ஒன்றாக முளைக்கும். இளம் பயிரில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்; புல்லின் தண்டடியில் தெரியும் லேசான சிவப்புதான் அடையாளம். கோதுமை அறுவடைக்குச் சற்று முன்பே புல் தன் விதையை மண்ணில் உதிர்த்துவிடும். அடுத்த ஆண்டுக்கான விதைப்பு அதோடு முடிந்தது.

1970களின் இறுதியில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி வந்தது. மலிவு, நல்ல பலன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதே மருந்தை அதே வயலில் ஆண்டுதோறும் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மருந்து வேலை செய்யவில்லை. கலப்படம், அளவு குறைவு என்று முதலில் சந்தேகம் அங்கெல்லாம் போனது. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக்கும் சமுந்தர் சிங்கும் சோதித்து, புல்லே எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்று உறுதிப்படுத்தினார்கள். அந்த ஆண்டுகளில் ஹரியாணாவில் சில விவசாயிகள் கதிர் முற்றும்வரை காத்திருக்காமல் கோதுமையைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான இடம் இதற்கு அப்புறம்தான். ஐசோபுரோட்டுரான் கோதுமையைக் கொல்லாததற்குக் காரணம், கோதுமை தன் நொதிகளால் அதைச் சிதைத்து நஞ்சை முறித்துவிடுவது. புல்லிடமும் அதே வகை நொதிகள் உண்டு. அந்த வேலையில் வேகம் கூடிய செடிகள் பிழைத்தன, விதைத்தன, பெருகின. இலையில் கோதுமையைப் போலிருந்த புல், உள்ளேயும் கோதுமையின் வழிக்கே வந்துவிட்டது. கோதுமையைக் காப்பாற்றும் குணமே களையையும் காப்பாற்றினால் மருந்து என்ன செய்யும்?

1990களின் பிற்பகுதியில் குளோடினஃபாப், ஃபெனாக்ஸாபுரோப், சல்ஃபோசல்ஃப்யூரான் என்று புது மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் எதிர்ப்புத் தோன்ற அதிக காலம் ஆகவில்லை. அதே காலத்தில் உழாமல் விதைக்கும் கருவியும் பரவியது. மண்ணைப் புரட்டாவிட்டால் ஆழத்தில் கிடக்கும் புல்விதை மேலே வருவதில்லை; உழவுச் செலவும் மிச்சம். மருந்து தோற்றதால்தான் பல விவசாயிகள் கலப்பையை ஓரம்வைக்கத் துணிந்தார்கள். அந்த அளவில் இந்தப் புல்லுக்கு நன்றி சொல்லலாம்.

அக்டோபர் கடைசியிலேயே விதைத்தால் இன்னும் நல்லது. மண்ணில் வெப்பம் தணிந்திராது, புல் முளைக்கத் தயங்கும், கோதுமை முந்திக்கொள்ளும். ஆனால் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாபும் ஹரியாணாவும் சட்டம் போட்டு நெல் நடவைத் தள்ளிவைத்தன. நோக்கத்தில் குறையில்லை. நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும். கோதுமைக்கு வயலைத் தயார்செய்யக் கிடைக்கும் நாட்கள் சுருங்கும். வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள். டெல்லிக்கு வரும் புகை எல்லாருக்கும் தெரியும். வயலில் தங்கும் சாம்பல் களைக்கொல்லியை உறிஞ்சி அதன் வீரியத்தைக் குறைப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே வைக்கோலை எரிக்காமல் பரப்பி, அதனூடே ஹேப்பி சீடர் கருவியால் விதைத்தால், அந்த மூடாக்கு புல்லை அமுக்குகிறது.

நெல்–கோதுமைச் சுழற்சியை இடையில் ஓர் ஆண்டு முறிப்பதும் பலன் தரும். கோதுமைக்குப் பதில் பர்சீம் என்ற தீவனப் பயிரைப் போட்டால், அதை அடிக்கடி அறுக்கும்போது மண்டூசியும் சேர்ந்து அறுபடும். விதை கட்ட நேரம் கிடைக்காது. மாடுகளும் விரும்பித் தின்னும். விவசாயிகளுக்கு இது தெரியாததல்ல. கோதுமைக்குக் குறைந்தபட்ச ஆதார விலை இருக்கிறது, மண்டியில் அரசுக் கொள்முதல் இருக்கிறது. பர்சீமுக்கு இரண்டும் இல்லை.