உலோக வெட்டுக் கண்காணிப்பில் மலிவு உணரிகளின் வரலாறு

உலோக வெட்டுக் கண்காணிப்பு என்பது லேத், மில்லிங், துளையிடல் போன்ற பணிகளில் வெட்டுக்கருவி தேய்கிறதா, உடைந்துவிட்டதா, வேலைப்பொருள் அதிர்கிறதா என்பதை இயந்திரம் ஓடும்போதே அறியும் முறையாகும். இதற்கு முதலில் பயன்பட்ட உணரிகள் மனிதரின் காதும் கண்ணும்தான். அனுபவமுள்ள டர்னர் சத்தம் மாறியதும் கையை நிறுத்துவார். சீவலின் நிறத்தைப் பார்த்து வேகத்தைத் திருத்துவார். ஆனால் அவர் விடுப்பில் போனால் அந்த அறிவும் விடுப்பில் போய்விடும்.

இந்த அறிவை எண்களாக்கும் பெரும் முயற்சியை அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1880 ஆம் ஆண்டில் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கினார். 26 ஆண்டுகள் நீடித்த சோதனைகளில் 8 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட உலோகம் சீவலானது. 1906 இல் அவர் வெளியிட்ட முடிவுகளிலிருந்து வெட்டு வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு ஒரு சமன்பாடாகக் கிடைத்தது. வேகத்தைச் சற்றே கூட்டினாலும் ஆயுள் வெகுவாகக் குறையும் என்பது அதன் சாரம். எனினும் அது சராசரியைத்தான் சொல்லும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கருவிகளில் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் தேயும். அதனால் நல்ல கருவியைப் பாதி ஆயுளிலேயே கழற்றி எறிவதும், தேய்ந்த கருவியை விட்டுவைத்துப் பொருளைக் கெடுப்பதும் ஆலைகளில் தொடர்ந்தன.

ஓடும் கருவியை நேரடியாக அளக்கும் வழி பிறகு வந்தது. 1938 ஆம் ஆண்டில் எட்வர்ட் சிம்மன்சும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே, மெல்லிய கம்பியை ஒட்டித் திரிபை அளக்கும் அளவியை உருவாக்கினர். கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவைக் கொண்டு குவார்ட்சு விசைமானிகளும் பின்னர் வந்தன. இவை மிகத் துல்லியமானவை. விலையோ பல லட்சம் ரூபாய். ஆய்வுக்கூடங்கள் வாங்கின, நான்கு லேத் வைத்திருக்கும் பட்டறை வாங்கவில்லை. 1980களில் ஆளில்லா இரவுப் பணிக்காகக் கருவி உடைவுக் கண்காணிப்பான்கள் பெரிய ஆலைகளில் இடம்பெற்றன. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அவை எச்சரித்து இயந்திரத்தை நிறுத்தியதால், இயக்குநர்கள் அவற்றை அணைத்து வைத்ததும் உண்டு.

விலை சரிந்ததற்குக் காரணம் உலோக வெட்டுத் துறையன்று, கார்தான். மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்க மலிவான முடுக்கமானி தேவைப்பட்டது. அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் சிலிக்கான் சில்லிலேயே செதுக்கிய முடுக்கமானியைக் கொண்டுவந்தது. 1998 ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாப் புதிய கார்களிலும் முன்பக்கக் காற்றுப்பை இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது. 2007 இல் வந்த ஐபோன், திரையைத் திருப்புவதற்கே ஒன்றைப் பயன்படுத்தியது. கோடிக்கணக்கில் உற்பத்தியானதால் விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. 2005 இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ பலகையும், 2014 இல் பரவிய இஎஸ்பி8266 வைஃபை சில்லும் மீதி வேலையை எளிதாக்கின.

மலிவு உணரியால் எதையும் அளக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. நான்கு பற்கள் கொண்ட மில்லிங் கருவி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், பற்கள் நொடிக்கு 200 முறை உலோகத்தைத் தாக்கும். நொடிக்கு 3,200 அளவீடுகள் எடுக்கும் ஏடிஎக்ஸ்எல்345 வகைச் சில்லுக்கு இது எளிது. அதே கருவி 24,000 சுற்றில் ஓடினால் தாக்குதல் 1,600 ஆகும். அதுவே அந்தச் சில்லின் எல்லை. உலோகத்தில் நுண்விரிசல் எழுப்பும், நொடிக்கு லட்சக்கணக்கான அதிர்வுகள் கொண்ட ஒலி அலைகள் அதற்குக் கேட்கவே கேட்காது.

மோட்டாரின் மின்கம்பியைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட உணரி இன்னும் எளியது. இயந்திரத்தில் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. கனமான வெட்டில் கருவி மழுங்கும்போது மின்னோட்டம் படிப்படியாக ஏறுவது தெளிவாகத் தெரியும். ஆனால் பெரிய இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் துளைக்கருவி உடைந்தால் மோட்டார் அதைக் கவனிப்பதேயில்லை.

பொருத்தும் இடமும் முக்கியம். காந்தத்தால் ஒட்டிய உணரி உயர் அதிர்வெண்களைச் சரியாகக் காட்டாது, திருகி இறுக்கியது ஓரளவு காட்டும். குளிர்விக்கும் திரவமும் சூடான சீவலும் தெறிக்கும் இடத்தில் உணரியைவிட அதன் பெட்டிக்கும் கம்பிக்குமே செலவு கூடுவது வழக்கம்.

இன்று சிறு பட்டறைகளுக்கு ஏற்ற முறை, விசையை நியூட்டனில் அளப்பதன்று. புதிய கருவி நல்ல பொருளைச் செய்யும்போது அதிர்வையும் மின்னோட்டத்தையும் பதிந்து, பின்வரும் ஒவ்வொரு பொருளையும் அதனோடு ஒப்பிடுவதே. ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. நாளுக்கு ஐந்து வகைப் பொருள் செய்யும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பதிய வேண்டும்; எது நல்ல பொருள் என்று அங்கே சொல்பவர் இன்னும் அந்த டர்னர்தான்.