மொராக்கோவின் கல், இமயத்தின் வயது

ஆய்வு மோசடி என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே தனிமனித ஒழுக்கத்துக்குள் போய் நின்றுகொள்கிறார்கள். 'ஆள் சரியில்லைப்பா' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துபோகிறது, நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் விஸ்வஜித் குப்தாவின் விவகாரத்தை இந்தப் பார்வைக்கு எதிராக வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ 25 ஆண்டுகள், இமயமலையில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட புதைபடிவங்கள் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டவர் குப்தா. ஒரு பாறையில் எந்த உயிரி படிந்திருக்கிறது என்பதை வைத்து அதன் வயதைக் கணிக்கிறார்கள். ஆகவே 'இந்தக் கல் இன்ன இடத்தில் எடுத்தது' என்கிற ஒற்றை வரிதான் அங்கே ஆதாரம். அந்த வரி பொய்யானால் அதன்மேல் எழுப்பப்பட்ட வயதுக்கணக்கு மொத்தமும் பொய்.

1987இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த கருத்தரங்கில், குப்தா சபையில் இருக்கும்போதே, ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலன்ட் அந்த ஒற்றை வரியைக் கேள்விக்குட்படுத்தினார். 1989 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் அவர் எழுதியதும் விவகாரம் உலகறிந்ததாயிற்று. இமயத்தில் கிடைத்ததாகச் சொன்ன அம்மனாய்டுகள், அதாவது கல்லாகிப்போன சுருள் ஓடுகள், மொராக்கோவில் கிடைப்பவற்றை அப்படியே ஒத்திருந்தன. மொராக்கோக் கற்களைப் பாரிஸ் கடைகளில் காசு கொடுத்து வாங்கலாம். கானடான்ட் எனப்படும் பல் போன்ற நுண்படிவங்களோ நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டெல் ஓடையில் கிடைப்பவை போலிருந்தன. குப்தா எல்லாவற்றையும் மறுத்தார்.

ஆனால் குப்தா தனியாக எழுதிவிடவில்லை. இந்தியாவிலும் வெளியிலுமாக அவருக்கு 100க்கு மேற்பட்ட இணையாசிரியர்கள். அவர்களில் பலர் கல் எடுத்த இடத்தைப் பார்த்தவர்களே இல்லை. வந்த கல்லை அடையாளம் கண்டார்கள், வயது சொன்னார்கள், கட்டுரையில் பெயர் சேர்ந்தது. காலனியத்தின் பழைய வேலைப்பிரிவினைதான் இது: கச்சாப்பொருள் இங்கே, அர்த்தம் அங்கே. இந்தக் கதையில் கச்சாப்பொருளே வேறெங்கோ இருந்து வந்து, 'இமயம்' என்ற முத்திரையோடு திரும்பிப் போயிருக்கிறது. முத்திரையை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டுரை போய்விடுமே! இதை மேற்கு/கிழக்கு என்ற எளிய எதிர்மையாகவும் சுருக்கிவிட முடியாது. டேலன்டோடு சேர்ந்து இந்த முரண்களை 1988இல் எழுதியவர்களில் இந்திய ஆய்வாளர்களும் உண்டு.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? பணியிடைநீக்கம் செய்தது; விசாரணை நடந்தது; குற்றம் உறுதியாயிற்று. ஆனால் வேலை போகவில்லை. 2002இல் முறைப்படி ஓய்வு பெற்றார்.

குப்தாவுக்குக் குறைந்தபட்சம் ஒரு கல்லாவது தேவைப்பட்டது. 2010இல் பல்கலைக்கழக மானியக்குழு, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை மதிப்பெண்ணாக எண்ணும் முறையைக் கொண்டுவந்தது. எண்ணிக்கை கேட்கப்பட்டதும் எண்ணிக்கை விற்கும் கடைகள் பெருகின. பணம் கட்டினால் சில நாளில் அச்சாகிவிடும். யாரும் படிக்கமாட்டார்கள், படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்த்துறைகளும் இந்தச் சந்தைக்கு வெளியே இல்லை. 2018 மே மாதம், தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை மானியக்குழு நீக்க நேர்ந்தது. அடுத்து வந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பட்டியல்கள் மாறின, எண்ணும் மனோபாவம் மாறவில்லை.

மோசடி என்பது பொய் சொல்லும் துணிச்சலால் மட்டும் நிகழ்வதில்லை. சரிபார்க்காமல் இருந்துவிடும் வசதி பலருக்கு லாபமாக இருப்பதால் அது நிலைக்கிறது. ஆகவே 'ஆள் யார்' என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நெறியாளரின் கையெழுத்தை நம்பி ஆய்வேட்டை வைத்திருக்கும் ஒரு மாணவி, 'ஐயா, இந்தக் கல்லை எங்கே எடுத்தீங்க?' என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டபிறகும் அவள் ஆய்வை முடித்து வெளியே வர முடியுமா? கல்விப்புலத்தின் அறத்தைப் பற்றிய விவாதம் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.