1804 என்று பொறித்த வெள்ளி டாலர்

அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்கள் ‘நாணயங்களின் அரசன்’ என்று போற்றும் வெள்ளி டாலரில் 1804 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் அப்படியொரு நாணயம் அடிக்கப்படவே இல்லை. பிலடெல்பியா நாணயச்சாலை 1804இல் 19,570 டாலர்கள் அடித்ததாகக் கணக்கேடு சொல்வது உண்மைதான். எஃகு அச்சு செய்வது கடினம் என்பதால், பழைய அச்சு தேயும்வரை அதையே வைத்து அடிப்பது அக்கால வழக்கம். ஆகவே அந்த ஆண்டு வெளிவந்தவை எல்லாம் 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டைத் தாங்கியிருந்தன. அதோடு டாலர் அடிப்பதும் நின்றுபோனது. புதிய டாலர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், சற்றே எடை கூடிய ஸ்பானிய டாலருடன் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி வணிகர்கள் லாபம் பார்த்ததே காரணம்.

முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆண்டெண் உயிர் பெற்றது. ஆண்ட்ரூ ஜாக்சன் அரசு, ஆசிய அரசர்களுக்குப் பரிசளிப்பதற்காக அமெரிக்க நாணயங்கள் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வேண்டும் என 1834இல் கேட்டது. டாலரும் பத்து டாலர் தங்கக் காசும் அப்போது அடிப்பில் இல்லை. கணக்கேட்டில் அவற்றுக்குக் கடைசி ஆண்டாக 1804 இருந்ததால், அந்த ஆண்டையே பொறித்தார்கள். தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1835இல் மஸ்கட் சுல்தானிடமும் 1836இல் சயாம் மன்னரிடமும் நாணயப் பேழைகளை ஒப்படைத்தார். ஜப்பானுக்குப் போகுமுன்பே மக்காவ் நகரில் இறந்துபோனார்.

இந்த முதல் வகையில் இன்று எட்டு நாணயங்கள் இருக்கின்றன. 1842இல் நாணயச்சாலை அலுவலர்கள் வெளியிட்ட கையேட்டில் இதன் படம் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சேலம் நகரச் சேகரிப்பாளர் மேத்யூ ஸ்டிக்னி, தம்மிடமிருந்த அரிய தங்க நாணயத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கினார். தனியார் கைக்கு இது போகத் தொடங்கியது அப்போதுதான்.

ஆசை பெருகியதும் திருட்டு வேலையும் வந்தது. 1858 வாக்கில் நாணயச்சாலை ஊழியர் ஒருவர் மறைவாகச் சில டாலர்களை அடித்து விற்றார். எழுத்து இருக்க வேண்டிய விளிம்பு அவற்றில் வெறுமையாக இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. இந்த இரண்டாம் வகையில், மீட்கப்பட்டவற்றில் ஒன்று மட்டும் தப்பியது. அது 1857ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் துப்பாக்கிச் சுடும் விழா நாணயத்தின்மேல் அடிக்கப்பட்டது. உற்றுப் பார்த்தால் பழைய நாணயத்தின் கோடுகள் இன்றும் அடியில் தெரிகின்றன. 1804இல் அடித்ததாகச் சொல்லும் நாணயத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. பின்னாளில் விளிம்பெழுத்தைப் பொறித்து வெளிவந்தவை மூன்றாம் வகை. மூன்று வகையும் சேர்த்து நெடுங்காலமாக அறியப்பட்டவை பதினைந்து.

ஆனாலும் பழைய நம்பிக்கை லேசில் போகவில்லை. 19,570 டாலர்களும் கப்பலோடு மூழ்கின, கடற்கொள்ளையரிடம் பணயத்தொகையாகப் போயின என்றெல்லாம் கதைகள் உலவின. ஐயத்தை எழுப்பியது விளிம்புதான். நாணயத்தைச் சுற்றிலும் எழும்பி நிற்கும் சீரான கரை, வளையத்துக்குள் வைத்து அடிக்கும் முறையால் வருவது. 1804இல் அந்த முறை பிலடெல்பியாவில் டாலருக்குப் பயன்படவில்லை. நாணய ஆய்வாளர்கள் எரிக் நியூமன், கென்னத் பிரெஸ்ஸெட் இருவரும் ஆவணங்களைத் துருவி எழுதிய நூல் 1962இல் அச்சில் இருந்தபோது, டெட்ராய்டில் நடந்த நாணயச் சேகரிப்பாளர் மாநாட்டுக்கு லண்டன் வணிகர் டேவிட் ஸ்பிங்க் ஒரு பேழையைக் கொண்டுவந்தார். சயாம் மன்னருக்குப் போன அதே பேழை. உள்ளே 1804 டாலர். காகிதத்தில் இருந்த சான்று கண்முன் வந்துவிட்டது. நூலாசிரியர்கள் அந்தச் செய்தியையும் சேர்த்து நூலைத் திருத்தினார்கள்.

காலம் பொய்யென்று தெரிந்த பிறகும் விலை இறங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மஸ்கட் சுல்தானுடையதாகக் கருதப்படும் நாணயம் 1999இல் 41.4 லட்சம் டாலருக்கும், 2021இல் 76.8 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது. அதிலுள்ள வெள்ளியோ ஏறக்குறைய மூன்று பவுன் எடைதான். அரண்மனை, தூதர், ஏலக்கூடம் என்று கை மாறி வந்த தடம் ஆவணத்தில் நிற்பதற்கே மற்ற விலையெல்லாம். மூன்று வகையையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம்; சுவிஸ் நாணயத்தின்மேல் அடித்த அந்த ஒற்றை டாலரும் அதனிடம்தான் இருக்கிறது.